கடற்கொள்ளையர் கதைகளும் நம் சிறுவரும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்துருவம்)



கற்றோர் நிறைந்த இச்சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடித்திராத சிறியேன் பேச எழுந்தமை துணிவென்றே பெரியோர் கருதலாம். இளைஞர் படிக்கும் நூல்களைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று செயலாளர் பணித்தார். திருமுறைகளைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியும் பேசுவதற்கு இவ்வரங்கிலேயே தக்கோர் பலர் இருக்கின்றனர். ஆனால் சிறுவர் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துப் படிக்கும் நூல்களைப் பற்றிப் பேசுவதற்கு வயதிற் குறைந்தவனே பொருத்தமானவன். ஆகவே, கடற்கொள்ளையர் கதைகள் என்னும் பொருளை எடுத்துக்கொண்டேன்.

பொருளைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் முகஞ் சுளிப்பதையும், பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவதையும் காண்கிறேன். இரண்டு வரிசையினரும் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன். ஏனெனில், இக்கதைகளைச் சிறுவர் கையிலிருந்து பறிக்கவேண்டாம் என்று முன்வரிசையினரிடமும், இவற்றை நம் கரையில் நின்று வாசிக்கவேண்டும் என்று பின்வரிசையினரிடமும் விண்ணப்பிக்கவே வந்துள்ளேன்.

முதலிலே பெரியோரின் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். கள்ளனையும் கொலைகாரனையும் கதைத்தலைவனாக்கிய நூலைப் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். இந்த அச்சம் அன்பினாற் பிறந்தது. அதை நான் ஏளனஞ் செய்யேன். ஆயினும் ஒன்று கேட்கிறேன். வால்மீகி முனிவர் வழிப்பறி செய்தவர் என்ற கதையை நமக்குச் சொன்னவர் யார்? திருமங்கை மன்னன் அடியார்க்கு அமுதளிக்க வழிமறித்துக் கொள்ளையிட்ட கதையையும், இறைவனையே மறித்த கதையையும் சொன்னவர் யார்? நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே. அக்கதைகளைக் கேட்டு நாம் எவரும் வழிப்பறிக்குச் செல்லவில்லை.

இன்னும் அருகே வாருங்கள். நம் ஊர்க் கூத்துக்களரியிலே, நள்ளிரவு கடந்தும் கண் விழித்திருக்கும் சிறுவன் எதற்காக விழித்திருக்கிறான்? தருமருக்காகவா? துரியோதனன் வரவுக்காகத்தான்! முடியும் உடுப்பும் மின்ன, சல்லரியும் மத்தளமும் முழங்க, துரியோதனன் களரியைச் சுற்றி ஆடிவரும்போது சிறுவன் எழுந்து நின்றே பார்க்கிறான். விடிந்ததும் வீட்டு முற்றத்திலே அவ்வாட்டத்தை ஆடியும் பார்க்கிறான். ஆனால் இறுதியில் துரியோதனன் வீழும்போது, வீழ்ந்தது நியாயமே என்பதும் அவனுக்குத் தெரியும். ஆட்டத்தை விரும்பவும் செயலை வெறுக்கவும் ஒரே இரவில் அவன் கற்றுக்கொள்கிறான். இந்தப் படிப்பைத்தான் நல்ல கடற்கொள்ளையர் கதையும் தருகின்றது.

அத்தகைய கதைகளுள் தலையாயது, தமிழில் "புதையல் தீவு" என வழங்கும் நூல். அதனை எழுதியவர் ஸ்கொத்லாந்து தேசத்தவரான றொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன். 1881ஆம் ஆண்டு மழை ஓயாத ஒரு கோடையிலே, மனைவியின் மகனான சிறுவனுடன் பொழுதுபோக்குக்காக அவர் ஒரு தீவின் படத்தை வரைந்தார். குடாவும் குன்றும் வரைந்து, பெயரும் சூட்டினார். அந்தப் படத்திலிருந்தே கதை பிறந்தது. முதலில் சிறுவர் இதழொன்றில் 1881, 1882ஆம் ஆண்டுகளில் தொடராக வந்து, பின்னர் 1883இல் நூலுருப் பெற்றது. நான் கற்ற மிஷன் பாடசாலையின் நூல்நிலையத்தில் அட்டை கிழிந்து, தாள் பழுத்து இருந்த நூல்களுள் இதுவும் ஒன்று. அட்டை கிழிந்திருப்பதுதானே ஒரு நூலுக்குச் சிறுவர் வழங்கும் நற்சான்றிதழ்!

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம் ஹோக்கின்ஸ் என்னும் சிறுவன், கடலோரத்தில் சத்திரம் நடத்தும் ஒருத்தியின் மகன். இறந்துபோன கடற்கொள்ளையன் ஒருவனின் பெட்டியிலிருந்து புதையற் படமொன்று அவன் கைக்கு வருகிறது. ஊர்ப் பெரியவர்கள் கப்பலொன்றை அமர்த்திப் புதையலைத் தேடிப் புறப்படுகின்றனர். அக்கப்பலுக்குச் சமையற்காரனாக வருபவன் லோங் ஜோன் சில்வர். ஒரு கால் இல்லாதவன்; ஊன்றுகோலுடன் பறவைபோல் தாவி நடப்பவன்; தோளிலே ஒரு கிளி. இனிய சொல், சிரித்த முகம். ஸ்டீவன்சனின் நண்பரும், நோயினால் ஒரு காலை இழந்தவருமான ஹென்லி என்னும் கவிஞரின் மனவலிமையைக் கண்டே சில்வரைப் படைத்தார் என்பர். நூலில் வருகின்றவர்களுள் சிறுவனுக்கு மிகவும் பிடித்தவன் சில்வரே. உண்மையில் அவனே கொள்ளையர் தலைவன்.

இங்கேதான் நூலின் உயிர்நிலையான கட்டம் வருகிறது. கப்பலின் மேற்றட்டில் இருந்த அப்பிள் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம், சில்வர் அருகே வந்து அமர்ந்து பேசுவதை ஒளிந்திருந்து கேட்கிறான். சதித்திட்டம் முழுவதும் வெளியாகிறது. ஆனால் அதற்கு முன்பே ஜிம்மின் நெஞ்சில் தைத்தது வேறொன்று. தன்னிடம் எந்தச் சொற்களால் சில்வர் புகழ்ந்து பேசினானோ, அதே சொற்களால் இன்னோர் இளம் மாலுமியைப் புகழ்ந்து, அவனைத் தன் கூட்டத்துக்கு இழுக்கிறான். தனக்கே உரியதென்று எண்ணியிருந்த அன்பு, எல்லோருக்கும் வீசும் தூண்டில் என்பதை அச்சிறுவன் அந்தக் கணத்தில் அறிகிறான்.

பெரியோர்களே, இதைவிடச் சிறந்த பாடம் ஒன்றை இம்மாவட்டத்துப் பிள்ளைக்கு நாம் கொடுத்துவிட முடியுமா? 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே, இக்கரையில் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பலர் ஆயுதந் தாங்கியோரின் அணிகளுக்குள் சென்று சேர்ந்தனர். இழுத்துச் செல்லப்பட்டோர் உண்டு. பேச்சில் மயங்கித் தாமாகச் சென்றோரும் உண்டு. போர் ஓய்ந்தபோது நான் சிறு குழந்தை. ஆகவே அக்காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் வராத பிள்ளைக்காக இன்றும் வாசலைப் பார்த்திருக்கும் தாய்மாரை எழுவான்கரையிலும் கண்டிருக்கிறேன், படுவான்கரையிலும் கண்டிருக்கிறேன்.

போர் முடிந்ததும் சில்வர்கள் முடிந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டளவிலே அவுஸ்திரேலியாவுக்குப் படகில் ஏற்றுவோம் என்று இனிக்க இனிக்கப் பேசியவர்களை நம்பி, நகையை விற்றும் காணியை ஈடுவைத்தும் பணங் கட்டிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் கையிலும் ஒரு தீவின் படம் இருந்தது. அதிலும் புதையல் இருக்குமிடம் குறிக்கப்பட்டிருந்தது. "நீ கெட்டிக்காரன், உனக்காகத்தான் இந்த இடத்தை வைத்திருக்கிறேன்" என்ற பேச்சைக் கேட்டதும், "இதே பேச்சை அடுத்த வீட்டுப் பையனிடமும் பேசியிருப்பானோ?" என்று ஓர் இளைஞன் தன்னைத்தானே கேட்டுக்கொள்வானாயின், அந்த ஒரு கேள்வி அவன் குடும்பத்தைக் காக்கும். அந்தக் கேள்வியை அப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடியே கற்றுக்கொள்ளலாம். கடலில் இறங்கிக் கற்றுக்கொள்வது மிகவும் விலையேறிய கல்வி.

இன்னொரு கட்டமும் உண்டு. ஜிம் கொள்ளையரிடம் சிறைப்பட்டிருக்கிறான். தப்பியோட முயல்வதில்லை என்று சில்வருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். மருத்துவர் வந்து வேலியருகே நின்று, "தாண்டி வா, ஓடிவிடுவோம்" என்று கண்கலங்கி அழைக்கிறார். கொலைகாரருக்குக் கொடுத்த வாக்குத்தானே, அதை மீறினால் என்ன? ஜிம் மறுத்துவிடுகிறான். கொடுத்த வாக்கு, யாருக்குக் கொடுத்தாலும் தன் வாக்கு என்கிறான். அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இச்சிறுவன் அந்நியனா? நூலின் முடிவிலோ, இன்னும் வெள்ளி புதைந்து கிடக்கும் அத்தீவுக்கு எவர் அழைத்தாலும் இனிப் போகமாட்டேன் என்கிறான். கனவிலே அத்தீவின் அலையோசை கேட்டுத் திடுக்கிட்டு எழுகிறான். பொன்னாசையைத் தூண்டும் நூல் இவ்வாறு முடியுமா என்பதைப் பெரியோரே எண்ணிப் பார்க்கட்டும்.

இனிப் பின்வரிசையினரிடம் வருகிறேன். நண்பர்களே, இந்நூலை நாமும் விரும்பிப் படிக்கிறோம். ஆனால் எங்கே நின்று படிக்கிறோம்? ஜிம்மோடு கப்பலில் ஏறி, ஆங்கிலேயச் சிறுவனாகவே மாறிப் படிக்கிறோம். ஒரு முறையாவது கரையில் நின்று படித்துப் பார்த்தால் என்ன?

சில்வரின் கிளியை நினைத்துப் பாருங்கள். அது மடகாஸ்கரையும் மலபாரையும் கண்ட கிளி என்று சில்வரே பெருமை பேசுகிறான். கோவாவிலிருந்து வந்த பெருங்கப்பலொன்றைக் கொள்ளையர் தாக்கியபோது அதுவும் அங்கே இருந்ததாம். கடைசியில் புதையல் நாணயங்களைத் தரம்பிரிக்கும்போது, பலநாட்டு நாணயங்களுக்கு இடையே கீழ்த்திசை நாணயங்களும் கிடக்கின்றன. அவற்றின் மேலுள்ள எழுத்துகள் ஜிம்மின் கண்ணுக்கு நூற்றுணுக்குப் போலவும் சிலந்தியின் வலை போலவும் தோன்றுகின்றன. அவனைக் குறைகூற வேண்டாம். அவன் அறிந்த எழுத்து வேறு. ஆனால் அவனுக்குச் சிலந்தி வலை. நமக்கோ அது யாரோ ஒருவர் வாசித்த மொழி. அந்த நாணயம் யாருடைய மடியிலிருந்து அப்பெட்டிக்குப் போனது? இக்கேள்வியை நூல் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

வரலாறு அதற்கு விடை சொல்கிறது. 1695ஆம் ஆண்டு, மக்காவுக்கு யாத்திரை சென்று சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த "கஞ்ச்-இ-சவாய்" என்னும் மொகலாயப் பேரரசரின் கப்பலை ஹென்றி எவரி என்னும் ஆங்கிலக் கொள்ளையன் பிடித்தான். யாத்திரிகர்களும் பெண்களும் சொல்லொணாக் கொடுமைக்கு உள்ளாயினர். எவரி கடைசிவரை அகப்படவில்லை. 1698இல் கப்டன் கிட் என்பவன் கேரளக் கரைக்கு அப்பால், ஆர்மீனிய வணிகர் அமர்த்தியிருந்த "குவெடா மேர்ச்சன்ற்" என்னும் சரக்குக் கப்பலைப் பிடித்தான். 1701இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டான். அவன் அமெரிக்கக் கரைக்கு அருகே தீவொன்றில் ஒரு பகுதிச் செல்வத்தைப் புதைத்துவைத்த செய்திதான், கொள்ளையர் புதையல் என்னும் கதைமரபுக்கு உரமிட்டது. ஸ்டீவன்சன் வரைந்த தீவுப் படத்திலும் கிட்டின் பெயரில் ஒரு துறை உண்டு. ஆக, மேலைநாட்டுச் சிறுவர் கனவிற் கண்ட புதையற்பெட்டியின் பொன்னிலே நல்லதொரு பங்கு நமது இந்து சமுத்திரத்திற் பறிபோனதாகும்.

அடுத்த கேள்வி, கடற்கொள்ளையன் என்று யாரை, யார் சொல்வது? இதற்கு உதாரணந் தேடிக் கரீபியன் கடலுக்குப் போகவேண்டியதில்லை. 1602ஆம் ஆண்டு ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவர் நமது மட்டக்களப்புக் கரையில் நங்கூரமிட்டார். அவருக்குப் பின் செபால்ட் டி வேர்ட் என்பவர் வந்தார். போர்த்துக்கேயரை விரட்டக் கண்டி மன்னன் விமலதர்மசூரியனுடன் உடன்பாடு செய்துகொண்ட அவர், கடலிலே போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்தார். பிடித்தவர்களை மன்னன் விருப்பத்துக்கு மாறாக விடுதலை செய்தார். அதனால் எழுந்த பிணக்கிலே 1603இல் இக்கரையிலேயே அவரும் அவரைச் சேர்ந்தோரும் கொல்லப்பட்டனர். டி வேர்ட் செய்தது போரா, கொள்ளையா? ஒல்லாந்தர் ஏட்டிலே அது போர். கப்பலை இழந்த போர்த்துக்கேயரின் நோக்கில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். அப்போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை இன்றும் வாவிக்கரையில் நிற்கிறது.

இனிக் குஞ்ஞாலி மரைக்காயர்களைப் பாருங்கள். கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றவர்கள் அவர்கள். சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்குத் துணையாகக் கோழிக்கோட்டுக் கப்பல்கள் இலங்கைக்கும் வந்ததுண்டு. போர்த்துக்கேயர் அவர்களைக் கடற்கொள்ளையர் என்றே எழுதிவைத்தனர். நான்காம் குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1600ஆம் ஆண்டிற் கொன்றனர். மராத்தியக் கடற்றலைவரான கன்ஹோஜி ஆங்கிரேயை ஆங்கிலேயர் அவ்வாறே கொள்ளையன் என்றனர். இன்று மும்பாயில் இந்தியக் கடற்படையின் தளங்கள் இரண்டுக்குக் குஞ்ஞாலி என்றும் ஆங்கிரே என்றும் பெயர். பெயரைச் சூட்டுகிறவன் மாறினால் பெயரும் மாறிவிடுகிறது! மிஷன் பாடசாலையிலே எமக்கு ஒரு கதை சொல்வார்கள். அது புனித அகஸ்தீன் தம் நூலில் எடுத்துக்காட்டிய கதை. அலெக்சாந்தரிடம் பிடிபட்ட கடற்கொள்ளையன் ஒருவன், தான் ஒரே கப்பலில் செய்வதால் கள்ளன் எனப்படுவதாகவும், மன்னர் பெரும்படையுடன் அதனையே செய்வதால் பேரரசர் எனப்படுவதாகவும் கூறினானாம். அலெக்சாந்தர் தந்த விடை அக்கதையில் இல்லை.

இவ்வாறு சொல்வதனால், கொள்ளையர் எல்லோரும் வீரரே என்று எவரும் கொள்ளவேண்டாம். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி, "ஏரிஸ் 13" என்னும் எண்ணெய்க் கப்பலைச் சோமாலியக் கரைக்கு அருகே ஆயுதந் தாங்கியோர் கடத்தினர். கப்பலில் இருந்த மாலுமிகள் எண்மரும் நம் இலங்கையர். அந்நியக் கப்பல்கள் வந்து தங்கள் மீன்வளத்தைக் கொள்ளையடிக்கின்றன என்பது கடத்தியவர்களின் முறையீடு. அம்முறையீட்டில் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்று நாட்களின் பின் மாலுமிகள் விடுதலையாகும்வரை அவர்களின் வீடுகளிலே அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? கடலுக்குப் போனவர் திரும்பும்வரை கரையிற் காத்திருப்பது என்ன என்பதை நம் மீனவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டறியலாம். கொள்ளையனின் முறையீட்டையும் கேட்கவேண்டும். கொள்ளைபோனவனின் கண்ணீரையும் காணவேண்டும். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவனே நல்ல வாசகன்.

மேலும், இக்கதைகளின் பிறப்பிலேயே நமது கீழைக்கரைக்குப் பங்குண்டு என்பது இளைஞர் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். 1660ஆம் ஆண்டு, நமக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவில், புயலில் உடைந்த பாய்மரத்தைச் செப்பனிட வந்து நின்றது "ஆன்" என்னும் ஆங்கிலக் கப்பல். கப்டனையும் அவர் மகன் றொபேட் நொக்ஸ் என்னும் 19 வயது இளைஞனையும் வேறு சிலரையும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுசென்றனர். தந்தை அங்கேயே காய்ச்சலால் இறந்தார். மகன் தொப்பி பின்னியும் பொருள் விற்றும் பிழைத்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அந்நூலைப் படித்தவருள் ஒருவர் டானியல் டிபோ. 1719இல் "றொபின்சன் குரூசோ"வை எழுதிய டிபோ, அடுத்த ஆண்டே "கப்டன் சிங்கிள்டன்" என்னும் கடற்கொள்ளையர் கதையை வெளியிட்டார். அதில் கொள்ளையர் கப்பல் இலங்கைக் கரைக்கு வருகிறது. நொக்ஸின் சிறைவாழ்வும் கதைக்குள்ளே கதையாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலக் கடற்கதைகளின் தொட்டிலை ஆட்டிய கைகளுள் கொட்டியாரக் குடாவின் அலையும் ஒன்று என்று சொன்னால் அது மிகையாகாது.

"அப்படியாயின் நமக்கென்று புதையல் தீவு இல்லையா?" என்று கேட்பீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது! மணிமேகலைக் காப்பியத்திலே ஆதிரையின் கணவன் சாதுவன் கதையைத் திறந்து பாருங்கள். சூதாடிப் பொருளிழந்த சாதுவன், பொருள்தேடிக் கப்பலேறுகிறான். நடுக்கடலிற் கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்கி, களைப்பினால் மரநிழலில் உறங்கிவிடுகிறான். மனிதரைத் தின்னும் நாகர் அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர். இந்நிலையில் மேலைநாட்டுக் கதைத்தலைவனாயின் துப்பாக்கியை எடுப்பான். சாதுவன் என்ன செய்தான்? அவர்கள் மொழியிலே பேசினான்!

தம் மொழியைக் கேட்டதும் நாகர் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்க முன்வந்தான். சாதுவன் மறுத்தான். ஏன் மறுக்கிறாய் என்று தலைவன் கேட்டான். அங்கே இருவருக்கும் இடையில் உயிரைப் பற்றியும் வினையைப் பற்றியும் வாதம் எழுந்தது. ஈற்றில், கப்பல் உடைந்து கரையொதுங்கும் மக்களைக் கொல்வதில்லை என்று தலைவன் உடன்பட்டான். முன்னர் அவ்வாறு வந்தோரிடம் பெற்றுக் குவித்திருந்த சந்தனம், அகில், துகில், பொன் யாவற்றையும் சாதுவனுக்கு வழங்கினான். அப்பொருளோடு சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலேறிச் சாதுவன் ஊர் திரும்பினான்.

நண்பர்களே, இக்கதையில் உடைந்த கப்பல் உண்டு, கொடிய தீவு உண்டு, குவிந்த புதையல் உண்டு. சிறுவனுக்கு வேண்டிய அனைத்தும் உண்டு. புதையலைத் திறந்த திறவுகோல் பிறர் மொழியை அறிந்த அறிவு. பல மொழியினரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் இந்த வாவிக்கரையிலே, இதனைவிட நமக்கு ஏற்ற சாகசக் கதை வேறு எது? ஆயினும் நாம் அதனைப் பரீட்சைக்குரிய பகுதியாகவே மாணவனுக்கு அறிமுகஞ் செய்கிறோம். அருஞ்சொற்பொருள் எழுதச் சொல்கிறோம். அவன் படகில் ஏறுமுன்பே படகைக் கவிழ்த்துவிடுகிறோம்.

பிற்காலத்திலும் தமிழில் கடற்கதை வராமலில்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் "பொன்னியின் செல்வன்" கதையிலே, கோடிக்கரைப் பூங்குழலி இரவிலே தனியாகப் படகு செலுத்தி வந்தியத்தேவனை இலங்கைக்கு அழைத்து வருகிறாள். மேலைநாட்டுக் கதைகளிற் பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கரையிலேதான் இடம். நம் பூங்குழலியோ சுக்கானைத் தானே பிடித்தாள். சாண்டில்யனின் "கடல் புறா"வும் கப்பற் போரும் கடற்கொள்ளையும் நிறைந்த பெருங்கதை. ஆனால் இவை வளர்ந்தோருக்காக எழுதப்பெற்றவை. பத்து வயதுச் சிறுவனும் சிறுமியும் கையிலெடுத்துப் படிக்க, இந்த வாவியையும் முகத்துவாரத்தையும் பாலமீன்மடு வெளிச்சவீட்டையும் களமாகக் கொண்ட கதைகள் நமக்குப் போதாது.

ஆங்கில நூலைப் படித்தால் தமிழ் கெடும் என்று அஞ்சுவோருக்கு ஒருவரை நினைவூட்டுகிறேன். காரைதீவிற் பிறந்து, இம்மட்டக்களப்பில் மிஷன் பாடசாலையிலும் கற்று, பின்னர் துறவறம் பூண்ட விபுலாநந்த அடிகளார், "மதங்க சூளாமணி"யிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழுக்கு உரியவையாக்கினார். "ஆங்கிலவாணி"யிலே ஆங்கிலக் கவிஞரைப் போற்றினார். அவரே 1947இல் "யாழ்நூல்" என்னும் தமிழிசைக் கருவூலத்தையும் தந்தார். அயல்மொழிக் கடலிலே சென்று, நம் துறைக்குச் சரக்குக் கொண்டுவந்த வணிகர் அவர். நாமும் அவ்வாறு கொண்டுவரலாம். அது கொள்ளையாகாது.

நிறைவாக இச்சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் வாசிகசாலையிலே சிறுவருக்கென ஒரு தட்டை ஒதுக்குங்கள். "புதையல் தீவு", "றொபின்சன் குரூசோ" முதலிய கதைகளின் தமிழாக்கங்கள் அதில் இருக்கட்டும். அவற்றின் பக்கத்திலே எளிய நடையில் எழுதிய சாதுவன் கதையும், குஞ்ஞாலியின் வரலாறும், நொக்ஸின் வரலாறும் இருக்கட்டும். அடுத்தடுத்து இருந்தால், பிள்ளை ஒன்றைப் படித்துவிட்டு மற்றதையும் எடுப்பான்.

இரண்டாவது, கிழமைக்கொருநாள் இளைஞர் ஒருவர் சிறுவரைக் கூட்டி இக்கதைகளை உரத்து வாசிக்கட்டும். வாசித்தபின் பிரசங்கம் வேண்டாம். "சில்வர் உன்னிடம் வந்து பேசினால் என்ன செய்வாய்? இந்தப் பொன் யாருடையது? இவனைக் கள்ளன் என்று சொன்னவர் யார்?" என்று மூன்று கேள்விகளை மட்டும் கேட்கட்டும். விடையைப் பிள்ளைகள் தாமே தேடுவார்கள்.

மூன்றாவது வேண்டுகோள் பெரியோரிடம். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியைக் கண்டவர்கள் நீங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியிலும் கல்லாற்றிலும் கடல் ஏறி வந்ததைக் கண்டவர்கள் நீங்கள். அந்நாளின் பின், கடல் என்றால் கதவைச் சாத்தும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்கள் துயரத்தை யாரும் குறைகூற முடியாது. ஆனால் அதற்கு முன்னிருந்த கடலையும் பிள்ளைகள் அறியவேண்டாமா? கரைவலை இழுக்கையிற் பாடிய அம்பாப் பாடலும், தோணியிலே வாவியைக் கடந்து சந்தைக்கு நெல் கொண்டுவந்த இரவுகளும், கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் காதைத் துடுப்பில் வைத்துக் கேட்ட மீன்பாட்டும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றைச் சொல்லுங்கள்; நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுள் நான்கைந்து கதைகளாவது அச்சேறினால், இன்றைய என் பேச்சுக்குப் பயன் கிட்டியதென மகிழ்வேன்.

ஸ்டீவன்சன் ஒரு தாளிலே இல்லாத தீவொன்றை வரைந்தார். உலகத்துச் சிறுவரெல்லாம் அங்கே போய்வந்தனர். நமக்கோ புளியந்தீவு உண்டு; கோட்டை உண்டு; முப்பது மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியும் உண்டு. வரையத் தாளும், சொல்லப் பெரியோரும், எழுத இளைஞரும் கூடினாற் போதும்.